பத்துக் கொட்டை

புரட்டாசி பிறந்த முதல் திங்கட்கிழமை, பிரேயர் முடிந்ததும் பெரிய சார் சொல்வது இவ்வளவுதான்: "ஆளுக்குப் பத்துக் கொட்டை. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரணும்." என்ன கொட்டை, எதற்கு என்று ஒருத்தரும் கேட்கமாட்டோம். ஒன்றாம் வகுப்பில் மூக்கொழுக நிற்கிற பிள்ளைக்குக்கூட அது பனங்கொட்டை என்றும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிழங்குப் பாத்தி போடத்தான் என்றும் தெரியும்.

எங்கள் ஊர் ராயகிரி. சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பக்கத்து ஊர். மேற்கே திரும்பினால் மலை. வெளியூர்க்காரர்களிடம் தென்காசி மாவட்டம் என்று சொன்னதும் "குற்றாலமா, சாரலா?" என்பார்கள். அந்தச் சாரல் ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துக்கு. எங்களுக்கு வருவது காற்றும் மேகத்தின் நிழலும்தான். எங்கள் குளம் நிறைகிற மழை ஐப்பசியில் கிழக்கே இருந்து வரவேண்டும். மாவட்டத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. நான் சிலேட்டில் எழுதியது திருநெல்வேலி மாவட்டம். 1986 அக்டோபரில் தூத்துக்குடிப் பக்கம் பிரிந்துபோனபோது நாங்கள் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமானோம். 1997இல் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்ததும் பழையபடி திருநெல்வேலி. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி. இத்தனைக்கும் ஊர் ஓர் அடிகூட நகரவில்லை.

நான் படித்தது ஊரின் மேற்குக் கடைசியில் இருந்த ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி. ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பெரிய சார், இன்னொருவர் டீச்சர். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. அதை இரும்புக் கம்பியால் அடிக்கிற உரிமை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். பெஞ்சுகள் சிலவற்றின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 'உபயம்' என்று எழுதி, கீழே யாரோ ஒரு பெரியவரின் பெயர் பாதி அழிந்து கிடக்கும். அந்த 'உபயம்' எப்படி வந்தது என்று வளர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, அலமாரி, கரும்பலகை, தண்ணீர்ப் பானை, சீருடைத் துணி என்று ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து மேடையில் கொடுத்தார்கள். நாங்கள் உட்கார்ந்து பிளேடால் கீறிய பெஞ்சு அந்தக் காலத்துச் சீர்.

பெரிய சார் இந்தச் சங்கதியை நன்றாகப் புரிந்துகொண்ட மனுஷர். கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதிக் காத்திருப்பதைவிட ஊரிடம் கேட்பது சீக்கிரம் நடக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் காசாகக் கேட்கமாட்டார். எங்கள் பெற்றோர்கள் கூலிக்கு மிளகாய்ப் பழம் எடுப்பவர்கள், பருத்தி எடுப்பவர்கள், பனையேறிகள், குத்தகைக்கு நெல் போடுபவர்கள். அவர்களிடம் காசுதான் கிடையாது. பனங்கொட்டை உண்டு.

கொட்டை சேர்ப்பது ஒரு தனிக் கலை. ஆடிக் கடைசியில் இருந்தே குளத்துக்கரையிலும் ஓடைக்கரையிலும் பழம் விழத் தொடங்கிவிடும். விடியற்காலை இருட்டில் 'தொப்'பென்று விழும் சத்தம் கேட்டு ஓடுகிறவனுக்குத்தான் பழம். பதநீர் காய்ச்சி முடித்த அடுப்புத் தணலில் போட்டுச் சுட்டு, தோலை உரித்து, நாரோடு சேர்த்துச் சூப்பினால் வாய், கன்னம், சட்டைக் கழுத்து எல்லாம் மஞ்சள். ஒரு பழத்தில் மூன்று கொட்டை இருக்கும், இரண்டும் இருக்கும். ஒற்றைக் கொட்டைப் பழம் கிடைத்தால் ஏமாற்றம். எங்களில் சோம்பேறிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவார்கள். மாடு பழத்தைத் தின்று சூப்பிப் போட்ட கொட்டை அங்கே நார் வெளுத்துக் கிடக்கும். பெரிய சார் கையில் எடுத்துப் பார்த்த உடனே, "ஏலே, இது நீ தின்னதா, மாடு தின்னதா?" என்று கேட்பார். எப்படியானாலும் கணக்கில் பத்து ஏறும்.

பாத்தி போடுகிற சனிக்கிழமை ஒரு தாத்தா வருவார். பனையேறி ஓய்ந்தவர், நெஞ்சில் காய்ப்பு. பனை அணைத்து அணைத்து வந்த காய்ப்பு. யாரோ வண்டியில் ஓடை மணல் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். மணலையும் செம்மண்ணையும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, கொட்டைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கவேண்டும். "கண்ணு கீழ பாக்கணும்லே, கண்ணு கீழ. மேல பாத்தா கிழங்கு கோணிப்போவும்." கொட்டையின் கண் எது என்று விரல் வைத்துக் காட்டுவார். ஒவ்வொருவரும் தன் பத்தைத் தானே வைக்கவேண்டும். மேலே ஒரு சாண் மண் மூடி, மழை வரும்வரை தினம் ஒரு வகுப்பு தண்ணீர் தெளிக்கும். கிழங்கு கீழ்நோக்கிப் போகும், மார்கழிக் கடைசியில் தோண்டலாம். பொங்கலுக்கு முந்தைய சந்தையில் இருபத்தைந்து கிழங்கு ஒரு கட்டாக விற்ற காசு பள்ளிக்கூடத்துக்கு.

எங்கள் இங்கிலீஷ் பாடத்தில் இலையுதிர் காலத்துக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள். மொட்டை மரம், கீழே சிவப்பு இலை, கோட்டுப் போட்ட ஒரு பையன். டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தும்போது ஜன்னலுக்கு வெளியே பூவரசு தளிர்விட்டுக்கொண்டிருக்கும். நாங்கள் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவோம். தமிழ்ப் பாடம் பரவாயில்லை. ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர் என்று ஊரில் நடப்பதைத்தான் சொன்னது. வருகைப் பதிவேட்டில் வருஷம் ஜூனில் தொடங்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உயிர் வருவதோ காலாண்டுப் பரீட்சை முடிந்த பிறகுதான்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் பாடம் கிடையாது, கரும்பலகைக்குக் கறுப்பு ஏற்றுவோம். வேலியில் படர்ந்த கோவை இலையைப் பெண்பிள்ளைகள் மடி நிறையப் பறித்து வருவார்கள். வீட்டுக்கு ஒரு கை அடுப்புக்கரி. சத்துணவு ஆயாவின் அம்மியில் இரண்டையும் சேர்த்து அரைத்தால் வழவழவென்று கரும்பச்சையாக ஒரு குழம்பு வரும். பழைய துணியில் தொட்டு மேலிருந்து கீழாக ஒரே போக்கில் பூசவேண்டும், திரும்பக் கை வைத்தால் திட்டு விழும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பலகை கறுப்பதற்குள் நாங்கள் கறுத்திருப்போம். மறுநாள் பொரி, கடலை, சுண்டல். புத்தகங்களை எல்லாம் அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டதால் அன்றைக்கு யாரும் படிக்கக் கூடாது. சாமி விஷயத்தில் நாங்கள் இவ்வளவு பயபக்தியோடு நடந்துகொண்டது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகள் சேர்ப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பெரிய சாரும் டீச்சரும் சாயங்காலம் தெருத்தெருவாகப் போய்விடுவார்கள். 'பிள்ளை பிடிக்கப் போறாக' என்று ஊர் கேலி செய்யும். வயசுக்குச் சான்று ஒன்றும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடவேண்டும். விரல் எட்டாத பிள்ளையின் தலையைத் தகப்பனார் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எட்டவைப்பார். பெரிய சார் பார்க்காதது மாதிரி வெளியே பார்ப்பார். பிறந்த தேதி என்ன என்றால், "அந்தப் பெரிய மழை பெஞ்சுதுல்லா, அதுக்கு மறுவாரம்" என்பார்கள். சார் ஜூன் 1 என்று எழுதிக்கொள்வார். நான் பிறந்தது மார்கழியில். சர்ட்டிபிகேட்டில் ஜூன். ஆதார் அட்டையும் சாருடைய பேனாவைத்தான் நம்புகிறது.

ஆச்சி அவளுடைய காலத்தைச் சொல்வாள். திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த நாளில் நவராத்திரி வந்தால் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப்போவாராம். வாசலில் நின்று பாடினால் நெல்லும் காசும் விழும், வாத்தியாருக்கு அதுதான் வருமானம். "இப்பம் வாத்தியாருக்குச் சர்க்கார் சம்பளம், பிள்ளையளுக்குச் சர்க்கார் சோறு" என்று முடிப்பாள். அந்த 'சோறு' என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருக்கும்.

அந்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மதிய உணவு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்ததே பக்கத்துச் சீமையில்தான். ஆனால் 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு வேறு மாதிரி. பள்ளிக்கூடத்திலேயே சமையல், அதற்கென்று அமைப்பாளர், சமையல் ஆயா. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்காருவார்கள். நாங்கள் சில பேர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். வீட்டில் நெல்லுக்குக் குறைவில்லை என்பது வெளியில் சொன்ன காரணம். அடுப்புக்கு முன்னால் நிற்பது எந்தத் தெருக்காரி என்பது சொல்லாத காரணம். "பள்ளிக்கூடத்துல பச்சத்தண்ணி குடிக்கப்பிடாது" என்று ஆச்சி என்னிடம் சொல்லியிருந்தாள்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பிடித்த மழை, மணி ஒன்றாகியும் விடவில்லை. ஓடு நாலு இடத்தில் ஒழுகியதால் ஐந்து வகுப்பும் ஒரே மூலையில். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆயா கூடத்திலிருந்து சோற்றுப் பானையைத் தூக்கி வந்தாள். வழக்கமாக வெளியே சாப்பிடும் வரிசை அன்றைக்கு வகுப்புக்குள்ளேயே. ஓடைத் தண்ணீர் தெருவில் பாய்ந்ததால் நாங்கள் வீட்டுக்குப் போக வழியில்லை. சுவரோரமாக எட்டுப் பேர் நின்றோம். மழையில் பசி இரண்டு மடங்கு. பருப்புக் குழம்பு வாசம் வேறு. பெரிய சார் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல வரிசைக் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூவரசு இலையைத் தைத்து ஆயா எட்டு இலை போட்டாள். அவளும் எங்களைக் கூப்பிடவில்லை, இலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். முதலில் உட்கார்ந்தவன் நான் இல்லை. மூன்றாவது ஆள்.

சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. உப்புச் சரியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஆச்சி, "மத்தியானம் என்னய்யா செஞ்ச?" என்றாள். "மழையில்லா" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கையை முகர்ந்து பார்த்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இன்றைக்கும் உண்டு. மறுவாரம் எங்கள் வீட்டு முருங்கையில் இரண்டு கொப்பு ஒடித்து என் தோளில் வைத்து, "பள்ளிக்கூடத்துல குடு" என்றாள். மழைக்குப் பிறகு முருங்கை ஆளுயரத்துக்குத் தழைத்துக்கிடந்தது, வீட்டில் தின்று மாளாது. அதனால்தான் கொடுத்தாளா, வேறு ஏதாவது நினைத்தாளா, நான் கேட்டதில்லை. ஆயாவும் ஆச்சியும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததும் இல்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் மழை விட்ட மறுநாளே பழையபடி வீட்டுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை.

ஐப்பசி பிறந்தால் பிசான சாகுபடி. நாற்றங்கால், நடுவை என்று ஊரே வயலில் நிற்கும், வகுப்பில் தலை குறையும். அம்மாமார்கள் நடுவைக்குப் போனால் வீட்டில் கைப்பிள்ளையை யார் பார்ப்பது? நாலாம் வகுப்பு அக்காதான். படிக்கிற பிள்ளை நின்றுபோவதைவிடப் பிள்ளையோடு வருவது மேல் என்று டீச்சர் முடிவு செய்தார்கள். ஜன்னல் கம்பியில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் தொங்கும். ஒரு கையால் தொட்டில் ஆட்டிக்கொண்டு இன்னொரு கையால் வகுத்தல் கணக்குப் போட்ட அக்காக்களை எனக்குத் தெரியும். தம்பி அழுதால் வகுப்பே வாய்ப்பாட்டை மெதுவாகச் சொல்லும்.

குளம் நிறைகிறதா என்பதுதான் அந்த இரண்டு மாதமும் ஊருக்குப் பேச்சு. மலைமேல் செண்பகவல்லித் தடுப்பணை உடைந்ததால் நம் பக்கம் வரவேண்டிய தண்ணீர் மேற்கே போகிறது என்று டீக்கடையில் பெரியவர்கள் பொருமுவார்கள். அந்தப் பொருமல் இன்றைக்கும் தீரவில்லை, விவசாயிகள் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு நாள் யாராவது சைக்கிளில் ஓடைப் பக்கமாக வந்து, "குளம் மறுகால் விழுந்துட்டு!" என்று கத்திக்கொண்டு போவார்கள். பெரிய சார் சாக்பீஸைக் கீழே வைப்பார். தண்டவாளத் துண்டை அன்றைக்கு யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அறுபது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் மறுகால் பார்க்கப் போவோம். நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் விழும் இடத்தில் கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்துத் துள்ளும். கலெக்டர் டிவியில் விடுமுறை அறிவிக்கிற காலம் அதற்கு வெகு பின்னால் வந்தது.

கிழங்குக் காசுக்கு வருகிறேன். மூன்று வருஷக் காசைச் சேர்த்து, 1983 பொங்கல் கழிந்து ராஜபாளையத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினார் சார். பெண்டுலம் ஆடுகிற கடிகாரம், சாவி கொடுக்கவேண்டும். தெருப்பக்க ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினார். எங்களுக்காக என்றுதான் நினைத்தோம். ஆனால் சார் அளந்து அளந்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது வேறு காரணத்துக்காக. எங்கள் பக்கத்தில் ஒரு கிணறு நாலைந்து பங்காளிகளுக்குப் பொது. இன்னின்னாருக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை தண்ணீர் என்று முறை இருக்கும். பம்புசெட் வந்த பிறகு கரண்டு நேரமும் சேர்ந்துகொண்டது. நிழலை வைத்தும் பஸ்ஸை வைத்தும் நேரம் சொல்லி அடிக்கடி தகராறு வரும். கடிகாரம் வந்த பிறகு மண்வெட்டியோடு ஆட்கள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். பாடம் நடக்கும்போது ஒரு தலைப்பாகை கம்பிக்குள் தெரியும். "பதினொண்ணு அஞ்சு, அண்ணாச்சி" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சத்தமாகச் சொல்லும். மணி பார்க்கக் கற்றுக்கொடுக்க எங்கள் பள்ளிக்கூடத்தில் தனிப் பாடம் தேவைப்படவில்லை. அப்படி எட்டிப் பார்த்தவர்கள்தான் அடுத்த கோடையில் காசு வாங்காமல் ஓடு மாற்றிக்கொடுத்தார்கள்.

1984 எங்கள் பாத்திக்குக் கெட்ட வருஷம். அக்டோபர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். அந்த மாதம் முழுக்கப் படிப்பு அரைகுறைதான். கோவிலில் பொங்கல், மண்சோறு, சர்ச்சில் ஜெபம், பள்ளிவாசலில் துவா. 'ஒளிவிளக்கு' படத்தில் சௌகார் ஜானகி உருகிப் பாடும் பாட்டைத் தியேட்டர்களில் தினமும் போட்டார்கள். எங்கள் பிரேயரிலும் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி நின்றோம். சத்துணவு போட்டவர் என்பதால் ஆயா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுவாள். 31ஆம் தேதி புதன்கிழமை சாயங்காலம் சிவகிரி பஸ்ஸில் இறங்கியவர்கள் இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சார் வீட்டு ரேடியோவைத் திண்ணையில் வைத்துத் தெருவே உட்கார்ந்தது. திருநெல்வேலி நிலையத்தில் சோக இசை தவிர வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு சில நாள் பள்ளிக்கூடம் கிடையாது. எம்.ஜி.ஆரை நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து நாங்கள் முதலில் ஓடியது பின்பக்கம். பாத்தியைப் பன்றி உழுது வைத்திருந்தது. காவலுக்குப் போகவேண்டும் என்று அந்தத் துக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. முளைவிட்ட கொட்டைகளை நெம்பி எடுத்துப் பாதியைக் கடித்துப்போட்டிருந்தது. ஐந்தாம் வகுப்புக்காரர்கள் என்ற முறையில் பாத்திக்கு நாங்கள்தான் பொறுப்பு, அடி விழும் என்று நின்றோம். சார் ஒரு கொட்டையை எடுத்து அரிவாளால் இரண்டாகப் போட்டு உள்ளே இருந்த தவுணைத் தோண்டி எங்களுக்கே கொடுத்தார். தவுண் வெள்ளையாக, பஞ்சு மாதிரி, இளநீரின் வழுக்கையைவிட லேசான இனிப்பில் இருக்கும். எது எதற்கோ அழுதுகொண்டிருந்த மாதத்தில் பள்ளிக்கூடமே சேர்ந்து தவுண் தின்றோம். மிச்சக் கொட்டையைத் திரும்ப மூடினோம். அந்தப் பொங்கலுக்குச் சில கட்டுதான் தேறியது.

அந்த வருஷம் நவம்பர் 14இல் பந்தயமும் இல்லை. எங்களுக்கு அது பெரிய நஷ்டம். மற்ற ஊரில் கரண்டியில் கோலிக்குண்டை வைத்து ஓடுவார்கள் என்று கேள்விப்பட்டபோது சிரித்திருக்கிறோம். புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை போகிற சீமை எங்களுடையது. குழந்தைகள் தினத்துக்கு ஒரு தோட்டக்காரர் கூடை நிறையப் பழம் அனுப்புவார். கரண்டியை வாயில் கவ்வி ஓடும்போது பழம் விழுந்து உருண்டால் பொறுக்கியவனுக்கே சொந்தம். தோற்றவன் வீட்டில்தான் அன்றைக்குச் சாறு. ஜெயித்தவனுக்குச் சோப்பு டப்பா.

கார்த்திகை வந்தால் கோவில் முன்னால் சொக்கப்பனை. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி மட்டைக்கு நடுவே கட்டி மாவளி சுற்றுவோம். பொறி வட்டம் வட்டமாகப் பறக்கும். சட்டையில் ஓட்டை விழாதவன் மாவளி சுற்றாதவன். மறுநாள் எல்லார் பையிலும் ஓலைக்கொழுக்கட்டை. பச்சைப் பனை ஓலைக்குள் மாவும் கருப்பட்டியும் வைத்துக் கட்டி அவித்தது, ஓலை வாசம் மாவில் இறங்கியிருக்கும். ஆயா வீட்டில் இருந்தும் வந்தது. ஓலையைப் பிரித்துவிட்டால் எது எந்தத் தெரு என்று தெரியாது.

போன ஐப்பசியில் போயிருந்தேன். பள்ளிக்கூடம் ஓடு போய் கான்கிரீட் ஆகியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறுவருஷமே எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்ததால், காலையிலேயே கிச்சடி வாசம். சுவரில் கடிகாரம் இருக்கிறது, பேட்டரிக் கடிகாரம். எட்டிப் பார்க்க யாரும் வருவதில்லை, எல்லார் பையிலும் போன். பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன்கள் வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. வேனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் வேனில் போய்ப் படித்தவர்கள்தான்.

இப்போதைய தலைமை ஆசிரியை சின்ன வயசு. பின்பக்கம் கூட்டிப்போய் பாத்தி இருந்த இடத்தைக் காட்டினேன். கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கதையைக் கேட்டுவிட்டு, "பன்னி வராம இருக்க கம்பி வேலி போட்டுக்கிடலாம் சார். கொட்டைக்குத்தான் எங்க போக?" என்றார்கள். பனை நம் மாநில மரம், ஆனால் எங்கள் குளத்துக்கரையில் செங்கல் சூளைக்குப் போனது போக மீதி நிற்பது கொஞ்சம்தான். இந்த வருஷம் பாத்தி போடுவதென்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடித்துவிட்டார்கள். கருவேலத்தை வெட்டக் கிணற்றுப் பங்காளிகளின் பேரன்மார் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற ராயகிரிக்காரர்களுக்கு: பணம் அனுப்பவேண்டாம். புரட்டாசிக்குள் ஊர்ப் பக்கம் வருகிறவர்கள் ஆளுக்குப் பத்துக் கொட்டை கொண்டுவாருங்கள். மாடு தின்றதாக இருந்தாலும் பரவாயில்லை.